'தி ஷூட்டிங்' மான்டி ஹெல்மனின் முதல் படம் அல்ல

ஒருவர், "கேமரா பக்கமே போகாத ஒரு ஆள் எடுத்த முதல் படம் இது" என்று அமெரிக்க இயக்குநர் மான்டி ஹெல்மனின் 'தி ஷூட்டிங்' என்ற கௌபாய் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஹெல்மனின் முதல் படம் 1959இல் வந்த 'பீஸ்ட் ஃப்ரம் ஹான்டட் கேவ்'. பனிமலைக் குகையில் ஒளிந்திருக்கும் ஜந்துவின் கதை, குறைந்த செலவுப் படங்களுக்குப் பேர்போன கார்மன் சகோதரர்களின் தயாரிப்பு. அதற்கும் முன்பே லாஸ் ஏஞ்சல்ஸில் சாமுவேல் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'வை, கேள்விகளுக்குக் கடைசிவரை பதிலே தராத அந்த நாடகத்தை, மேடையேற்றியவர் அவர். அப்புறம் பிலிப்பைன்ஸ் போய் நடிகர் ஜாக் நிக்கல்சனை வைத்து அடுத்தடுத்து இரண்டு படங்கள். அவற்றில் ஒன்றுக்குத் திரைக்கதையே நிக்கல்சன்தான்.

அதே பாணியில்தான் 1965இல் யூட்டா பாலைவனத்தில் 'தி ஷூட்டிங்', 'ரைட் இன் தி வேர்ல்விண்ட்' இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார்கள். ஒரு படத்துக்குச் சுமார் 75,000 டாலர் செலவு. பணம் குறைவு என்பது உண்மை, அனுபவம் குறைவு என்பது பொய்.

படத்தையே பாருங்கள். பெயர் தெரியாத அந்தப் பெண், கால் உடைந்துவிட்டது என்று சொல்லித் தன் குதிரையைச் சுட்டுவிடுகிறாள். கதாநாயகன் வாரன் ஓட்ஸ் போய்ப் பார்த்தால் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. ஏன் சுட்டாள் என்ற கேள்வி அங்கே நம்மைப் பிடித்துக்கொள்கிறது, கடைசிவரை விடுவதில்லை. தற்செயலாக வருகிற விஷயமா இது? பெக்கெட்டின் நாடகத்தோடு பழகிய கை அது. தயவுசெய்து அவருடைய ஆறு வருட உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடாதீர்கள்.