ஆர்வம் இல்லை என்பது சரியல்ல
வயதானவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் இல்லை, அதனால்தான் இணைய மோசடியில் சிக்குகிறார்கள் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. என் அம்மா மத்திய அரசு ஓய்வூதியர். நவம்பர் வந்தால் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்றிதழைத் தானே பதிவு செய்துவிடுகிறார். போனை அவர் கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொன்னோம். ஒவ்வொரு படியையும் அவரே நோட்டில் எழுதிக்கொண்டார். பல வீடுகளில் "இங்க குடுங்க" என்று போனை வாங்கி நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் எப்படிப் பழகும்? மேலே ஒரு வாசகர், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கற்றுக்கொடுத்தாலே போதும் என்கிறார். போதாது. டிஜிட்டல் கைது கும்பலுக்கு ஓடிபியே தேவையில்லை. சீருடையோடு வீடியோ காலில் வந்து, சிபிஐ என்று மிரட்டி, வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி, வயதானவர்களையே பணத்தை அனுப்ப வைக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது என்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். அடுத்து, பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதை. பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்து மறைத்தால், அந்தப் பணம் கைமாறும் முன் வங்கியில் முடக்கும் வாய்ப்பும் போய்விடும். தயவுசெய்து திட்டாதீர்கள்.