விடுதலை என்றால் வீட்டுக்குப் போவதா?
கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மனநிலை சரியில்லை என்று வாதாடி வக்கீல் எப்படியும் ஆளை வெளியே கொண்டுவந்துவிடுவார் என்று இந்த வழக்கு பற்றிய கட்டுரை இப்போதே முடிவு கட்டுவதை ஏற்க முடியவில்லை. சரி, அந்த வாதம் எடுபட்டாலும் வெளியே வந்துவிட முடியுமா என்ன? 1843-ல் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மக்நாட்டன் இதே காரணத்தால்தான் விடுதலையானார், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை, பெத்லம், அப்புறம் பிராட்மூர் என்று மனநலக் காப்பகங்களிலேயே அடைபட்டுக் கிடந்து 1865-ல் இறந்தார். அந்த வழக்கையொட்டி வந்த சட்ட விதியும் லேசானதல்ல, தான் என்ன செய்கிறோம் என்றோ, அது தவறு என்றோ அந்த நேரத்தில் தெரியாத அளவுக்கு மனநோய் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பே நிரூபிக்க வேண்டும். கொலை செய்த கத்தியைக் கழுவி ஒளித்து வைத்திருந்தால் அந்த இடத்திலேயே வாதம் ஆட்டம் கண்டுவிடும். மேலே கருத்து எழுதிய ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி "வாயே திறக்கவில்லை, அப்போதே தெரிகிறது" என்கிறார், பேசாமல் இருங்கள் என்பதுதான் எந்த வக்கீலும் முதலில் சொல்லும் வார்த்தை, அதை வைத்து ஒருவரைக் கொலைகாரர் ஆக்காதீர்கள்.