ஓடுகிற உலையும் கட்டப்போகிற உலையும்

அணுமின்சாரம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி, "நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" பதினோரு வருடம் கிரிட் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்தொகுப்பு) கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்த்தவள் என்பதால் என்னிடம் இதைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறார்கள். எனக்கு ஒரு சொல்லில் பதில் வராது. அந்தக் கேள்விக்குள்ளேயே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் உலையை நிறுத்தலாமா? புதிதாக ஒன்று கட்டலாமா? இரண்டுக்கும் என் பதில் வேறு வேறு.

முதலில் அந்த அறையின் சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோர் கண்ணும் ஒரே எண்ணில் இருக்கும்: 50.00. அதுதான் ஃப்ரீக்வென்சி, மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. தேவைக்கு உற்பத்தி ஈடுகொடுக்காவிட்டால் 49.95, 49.90 என்று இறங்கும். வெயில் சாயத் தொடங்கியதும் திரையில் சோலார் கோடு சரியும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும். அந்த இரண்டு மணி நேரமும் நீர்மின் நிலையத்துக்கு ஒரு போன், கேஸ் டர்பைனுக்கு ஒரு போன், நிலக்கரி நிலையத்தின் உற்பத்தியை ஏற்றச் சொல்லி இன்னொரு போன். அணு உலையின் கோடு மட்டும் அசையாது. காலையில் பார்த்த அதே எண்தான் ராத்திரியும். அந்த நேரத்தில் அது எவ்வளவு ஆறுதல் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அதே உலை டிரிப் ஆகும்போது, அதாவது திடீரென்று தானாக நின்றுவிடும்போது, ஆயிரம் மெகாவாட் ஒரு நொடியில் காணாமல் போகும். காற்றாலையும் சோலாரும் குறையும்போது முன்கூட்டியே கணிப்பு இருக்கும். இது சொல்லாமல் போகும். அதற்கு ஈடாக எந்நேரமும் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். '24 மணி நேரமும் நம்பகமான மின்சாரம்' என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பிரான்ஸ் தன் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அணு உலைகளை நம்பியிருக்கும் நாடு. 2021 கடைசியில் அங்கே சில உலைகளின் குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. 2022-இல் சோதனைக்கும் பராமரிப்புக்குமாக 56 உலைகளில் பாதிக்கு மேல் ஒரே சமயத்தில் நின்றன. நாற்பது வருடத்துக்கும் மேலாக மின்சாரம் விற்றுவந்த நாடு, அந்த வருடம் வாங்கும் நாடானது. ஒரே மாதிரி உலைகளாகக் கட்டிவைத்தால், ஒன்றில் வந்த கோளாறு எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும், முதல் கேள்விக்கு என் பதில் உறுதியானது: நல்ல நிலையில் ஓடும் உலையை, பக்கத்தில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும்போது மூடாதீர்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, கட்டுமானம் முதல் கழிவு வரை எல்லாம் சேர்த்து, நிலக்கரி வெளிவிடும் கரியமில வாயு சுமார் 820 கிராம். அணுமின்சாரத்துக்கு 12 கிராம். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவான ஐபிசிசி 2014-இல் கொடுத்த நடு மதிப்பு இது. காற்றாலையும் ஏறக்குறைய அந்த 12-க்குப் பக்கத்தில்தான். ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளையும் நிறுத்தியது. நாடு இருளில் மூழ்கும் என்று பயமுறுத்தினார்கள், மூழ்கவில்லை. காற்றும் சோலாரும் வளர்ந்தன, அந்த வருடம் நிலக்கரி மின்சாரமும் குறைந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்றும் ஓடியிருந்தால் நிலக்கரி இன்னும் குறைந்திருக்குமே! எதை முதலில் மூடுவது என்ற வரிசையில்தான் அவர்கள் தவறினார்கள் என்று நினைக்கிறேன்.

இதைவிட என்னை உறுத்துவது ஆஸ்திரியாவின் ஸ்வென்டென்டார்ஃப். டான்யூப் கரையில் உலையை முழுசாகக் கட்டி முடித்துவிட்டார்கள். இயக்குவதா வேண்டாமா என்று 1978 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு. 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு நாள்கூட ஓடாமல் அது அப்படியே நிற்கிறது. மக்களைக் கேட்டது சரி, அவர்கள் சொன்னதை மதித்ததும் சரி. பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே டூர்ன்ரோரில் ஒரு நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. 2019 வரை அங்கே நிலக்கரி எரிந்தது. வாக்குச்சீட்டில் அணு உலை வேண்டுமா என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாக நிலக்கரி சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. பயப்படுகிறவர்களை 'விவரம் தெரியாதவர்கள்' என்று ஒதுக்கும் நிபுணர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நிலக்கரி உலையை அணைத்தால் அணைந்துவிடும். அணு உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் சுட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம். பெரிய உலையில் அந்த அரை சதவீதம் என்பதே பத்துப் பதினைந்து மெகாவாட் வெப்பம். அதனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பம்பு ஓட மின்சாரம் வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சொன்னபடி தாமாக நின்றன. வெளி மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஐம்பது நிமிடத்தில் சுனாமி வந்தது. பெரும்பாலான ஜெனரேட்டர்களும் சுவிட்ச் போர்டுகளும் இருந்த இடம் அடித்தளம். தண்ணீர் புகுந்தது, எல்லாம் நின்றது, மூன்று உலைகளும் உருகின.

நிலநடுக்க மையத்துக்கு அதைவிட அருகில் இருந்தது ஒனகாவா அணுமின் நிலையம். கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள். சுமார் 13 மீட்டர் அலை வந்தும் தப்பித்தது. வீடிழந்த நூற்றுக்கணக்கானோர் அந்த நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் தங்கினார்கள். அதே கடற்கரை, அதே அலை.

ஃபுகுஷிமாவைப் பற்றி ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, அது மனிதர்களால் உண்டான விபத்து என்று 2012-இல் எழுதியது. அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குக் கீழேயே அதைக் கண்காணிக்கும் அமைப்பும் உட்கார்ந்திருந்தது. கதிர்வீச்சால் இறந்தவர் என்று அரசு ஏற்றுக்கொண்டது ஒருவரைத்தான். ஆனால் வெளியேற்றத்திலும் அதன் பின்னான அலைச்சலிலும் ஃபுகுஷிமா மாகாணத்தில் 2,300 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் முதியவர்கள். 'அணு உலையால் ஒருவர்தான் செத்தார்' என்று வாதத்துக்காகச் சொல்லும்போது அந்த முதியவர்களை யார் கணக்கில் எழுதுவது?

இப்போது புதிய உலை. இதில் நான் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட மாட்டேன். பிரான்ஸின் ஃபிளமான்வில் 3, 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் கிரிட்டுடன் இணைந்தது; 330 கோடி யூரோ என்று சொன்ன செலவு 1,320 கோடி யூரோவுக்குப் போனது. ஃபின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ 3-க்கு 18 வருடம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் இரண்டு உலைகளைப் பல நூறு கோடி டாலர் கொட்டிய பிறகு 2017-இல் பாதியில் கைவிட்டார்கள். அந்தப் பணத்தை மக்கள் கரண்ட் பில்லோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடம் ஒரு யூனிட்கூட விற்காமல் கடனுக்கு வட்டி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அதே காலத்தில் சோலார் பேனல் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

அபுதாபியின் பராக்காவில் 2012-இல் தொடங்கி 2024-க்குள் நான்கு உலைகளும் ஓடத் தொடங்கிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே வடிவமைப்பு, தங்கள் நாட்டிலேயே கட்டிப் பழகிய கொரியக் குழு, நான்கும் அடுத்தடுத்து. ஆகவே ஒரு நாடு கௌரவத்துக்காக ஒரே ஒரு உலை கட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. கட்டினால் வரிசையாகக் கட்டும் பணமும் பொறுமையும் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணத்தை மின்தடங்களுக்கும் பேட்டரிக்கும் காற்றாலைக்கும் போடுங்கள். சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அதுதான் சீக்கிரம் கைகொடுக்கும்.

கழிவைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ஃபின்லாந்தில் 400 மீட்டருக்கும் ஆழமான பாறைக்குள் செம்பு உருளைகளில் புதைக்க இடம் தயார் செய்திருக்கிறார்கள். மறுக்கும் உரிமை இருந்த உள்ளூர் மன்றம் சம்மதித்த பிறகுதான் தோண்டினார்கள். அந்தச் சம்மதத்தைப் பெறுவது தோண்டுவதைவிடக் கடினம்.

ஒருநாள் நள்ளிரவு ஷிஃப்டில் எங்கள் கண்முன் ஒரு அணு உலை டிரிப் ஆனது. ஃப்ரீக்வென்சி சடாரென்று விழுந்தது. நீர்மின் நிலையங்களை ஏற்றிச் சமாளித்தோம். காரணம் கேட்டு நிலையத்துக்கு போன் செய்தேன். "அப்புறம் சொல்றோம் மேடம்" என்றார்கள். இரண்டு நாள் கழித்துச் செய்தியில் 'வழக்கமான பராமரிப்பு' என்று வந்தது. எனக்கு இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. கிரிட்டை நடத்திய எனக்கே இந்தக் கதி என்றால், அந்த மதில் சுவருக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு? அந்த உலை இன்றும் ஓடுகிறது. ஓட வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். அன்று ராத்திரி அது ஏன் நின்றது என்பதை மதிலுக்கு வெளியே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு ஓட வேண்டும்.