49 கிராம் மவுஸுக்கு ஆசைப்படும் நண்பர்களுக்கு

"கணினி விளையாட்டுக்கு 49 கிராமில் ஒரு மவுஸ் பார்த்தேன். கையிலிருக்கும் 54 கிராம் மவுஸை விற்றுவிட்டு அதை வாங்கிவிடட்டுமா?" என்று என்னோடு விளையாடும் நண்பர் நேற்றிரவு கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. ஒரு மணி நேரம் பேசினோம். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று: எடை குறைந்த மவுஸ்கள் வெறும் விளம்பரம் என்று சொல்பவன் நான் இல்லை. 120 கிராமைத் தாண்டிய ஒரு மவுஸை நான்கு ஆண்டுகள் பயன்படுத்தியவன். அப்போதெல்லாம் பெட்டிக்குள் சின்னச் சின்ன எடைக்கட்டிகளும் சேர்ந்தே வரும். கனமாக இருந்தால் சுடும் ஆட்டங்களில் குறி நிலையாக நிற்கும் என்று நம்பி, அத்தனை கட்டிகளையும் உள்ளே பொருத்திக்கொண்டு விளையாடினேன். விடுமுறை நாட்களில் இரவு படுக்கும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு இழுவை வலி இருக்கும். உட்காரும் விதம்தான் காரணம் என்று நாற்காலியை மாற்றினேன், மேசையின் உயரத்தை மாற்றினேன். 67 கிராம் மவுஸுக்கு மாறிய இரண்டாவது வாரம் அந்த வலி போய்விட்டது. அந்த வித்தியாசத்தை யாராவது மறுத்தால் எனக்குக் கோபமே வரும்.

ஆனால் 120-இலிருந்து 67-க்கு வருவது வேறு, 54-இலிருந்து 49-க்குப் போவது வேறு. முதலாவதில் கையிலிருந்து 53 கிராம் இறங்குகிறது. இரண்டாவதில் 5 கிராம். இந்த 5 கிராமுக்காக நன்றாகப் பழகிய ஒரு வடிவத்தைக் கைவிடுவது சரியான கணக்கு இல்லை.

எடை எங்கே உறைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மவுஸ் பேடின் மேல் நகரும்போது மவுஸின் பாரத்தைப் பேட் தாங்குகிறது. பேடின் ஓரத்துக்குப் போய்விட்ட மவுஸைத் தூக்கி மீண்டும் நடுவில் வைக்கிறோமே, அப்போதுதான் முழு எடையையும் விரல்கள் தாங்குகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டத்தில் டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்கு மவுஸ் பதியும் புள்ளிகள்) 800, சென்சிட்டிவிட்டி (மவுஸின் அசைவுக்கு ஆட்டத்தில் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு) 1 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்கே 26 சென்டிமீட்டர். இப்படி விளையாடுபவர் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை மவுஸைத் தூக்குகிறார் என்று எண்ணினால் அவருக்கே வியப்பாக இருக்கும். குறைந்த எடை அவருக்கு உண்மையாகவே உதவும். சென்சிட்டிவிட்டியை 3-க்கு மேல் வைத்து, மணிக்கட்டை ஊன்றியபடியே விளையாடுபவர் மவுஸைத் தூக்குவதே அரிது. அவர் 80 கிராமிலேயே சுகமாக இருக்கலாம். ஆகவே எடையைப் பற்றிக் கேட்கும் யாரிடமும் நான் முதலில் கேட்பது அவருடைய சென்சிட்டிவிட்டியைத்தான்.

அடுத்து வடிவம். என்னைக் கேட்டால் எடையைவிட இதுதான் பெரிது. உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மேல் படியவைப்பவர்கள் இருக்கிறார்கள். விரல்களை வளைத்து நகம்போல் ஊன்றுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளங்கை படாமல் விரல்நுனியால் மட்டும் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். மிக இலேசான மவுஸ்களில் பல உடலும் சிறுத்தவை. பெரிய கைக்காரர் ஒருவர் உள்ளங்கையைப் படியவைத்துப் பழகியிருந்தால், அந்தச் சிறிய உடலைப் பிடித்து நிறுத்த அவர் அறியாமலேயே கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் இறுக்குவார். மவுஸ் 50 கிராம்தான், ஆனால் இறுக்கும் விசை எவ்வளவு? அரை மணி நேரத்தில் கை களைத்துவிடும். கை வியர்த்து மவுஸின் பக்கங்கள் வழுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. பக்கவாட்டில் சொரசொரப்பான பிடிமானப் பட்டை ஒட்டிப் பாருங்கள். எடை ஓரிரு கிராம் கூடும், ஆனால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது, மவுஸ் முன்பைவிட இலேசாகத் தோன்றும். என் மவுஸில் ஒட்டிய நாளிலிருந்து அதை நான் கழற்றவே இல்லை.

இலேசான மவுஸ் என்றால் தேன்கூடு போல ஓட்டை போட்டதுதான் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். ஃபைனல்மவுஸ் ஏர்58 தன் எடையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு வந்தது, 2019-இல் குளோரியஸ் மாடல் ஓ 67 கிராமில் வந்தது, இரண்டுமே ஓட்டை ரகம். 2020 இறுதியில் லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட், ஓட்டையே இல்லாமல், வயரும் இல்லாமல், 63 கிராமுக்குள் வந்தது. 2022-இல் ரேசர் வைப்பர் வி2 ப்ரோ 58 கிராம். தூசியும் வியர்வையும் உள்ளே இறங்கும் ஓட்டை மவுஸை இன்று தேடிப்போக வேண்டிய தேவை இல்லை. ஆனால் மவுஸின் மேலோடு மெல்லியதாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முடிந்தால் கையில் எடுத்து இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். ஓடு நெளிந்து பக்கத்துப் பொத்தான் தானாக அழுந்தினால் அந்த மவுஸ் வேண்டாம். நெருக்கடியான தருணத்தில் நாம் எல்லோருமே இறுக்கிப் பிடிப்போம், அப்போது அது காலை வாரிவிடும்.

ஏஏ பேட்டரி போடும் வயர்லெஸ் மவுஸ் வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்கும் முன் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம். சாதாரண அல்கலைன் பேட்டரி ஏறக்குறைய 23 கிராம், லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 15 கிராம். பெரும்பாலும் பேட்டரி மவுஸின் பின்பக்கத்தில் இருப்பதால், 8 கிராம் குறைவதோடு பின்பாரமும் தணியும். தூக்கும்போது வால் பக்கம் தொங்குவது குறையும்.

30,000 டிபிஐ என்பதையெல்லாம் பார்த்து மயங்க வேண்டாம், நமக்கு வேண்டியது 800 அல்லது 1600. கணினிக்கு நொடிக்கு 8000 முறை தகவல் அனுப்பும் வசதியையும் நான் அணைத்தே வைத்திருக்கிறேன். 1000 முறை என்றாலே இடைவெளி 1 மில்லி நொடிதான். 8000-இல் பேட்டரி மளமளவென்று கரைகிறது.

புது மவுஸ் வந்ததும் முதல் மூன்று நாட்கள் குறி இலக்கைத் தாண்டித் தாண்டிப் போகும். கனமான மவுஸை உந்தித் தள்ளிய பழக்கத்தில் கை இன்னும் அதே விசையைக் கொடுக்கிறது. பலர் அப்போதே சென்சிட்டிவிட்டியை மாற்றுகிறார்கள், மறுநாள் மீண்டும் மாற்றுகிறார்கள், கை எதிலும் ஊன்றுவதில்லை. இரண்டு வாரம் எதையும் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் குறி இலக்கில் நிற்கவில்லை என்றால், சற்றுப் பிடிப்புள்ள துணி மவுஸ் பேடைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பேடும் 50 கிராம் மவுஸும் சேர்ந்தால் நிறுத்துவது எல்லோருக்கும் எளிதாக இருக்காது.

நண்பரின் மவுஸைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அடியிலிருக்கும் வெள்ளைப் பாதங்கள் (மவுஸ் வழுக்கிச் செல்ல ஒட்டியிருக்கும் சிறு பட்டைகள்) ஓரமெல்லாம் தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தன. மவுஸ் பாரமாக இழுபடுவதாக அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான். புதிய பாதங்களை வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன் பழைய பசையை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஒரு பக்கம் உயர்ந்து மவுஸ் ஆடும்.