கடை லீவு நாளில் கூடும் கிராம சபை

கிராம சபை கூடுகிற நாட்களைச் சொல்லிப் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பின்னால் மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் சேர்த்தார்கள், அது வேறு. இப்போது அரசு நடத்துகிற டாஸ்மாக் மதுக்கடைக்கு லீவு விடுகிற நாட்களைச் சொல்லுங்கள். வள்ளலார் தினம், திருவள்ளுவர் தினம், மகாவீர் ஜெயந்தி, மீலாது நபி என்று சில உண்டு, மற்றபடி அதே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. ஆக, ஊர் கூடி "இந்தக் கடையை எடுங்கள்" என்று தீர்மானம் போடுகிற அன்று கடை பூட்டியிருக்கும். மறுநாள் மதியம் 12 மணிக்கு ஷட்டர் ஏறும்.

எங்கள் ஊர் ஈரோடு பக்கம். இங்கே கடை வந்தது 2017-ல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது, அடுத்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை ஒரே வீச்சில் மூட வேண்டி வந்தது. மூடியவை எங்கே போகும்? ரோட்டை விட்டு உள்ளே, ஊருக்குள், தோட்டத்துப் பாதைக்குள் வந்தன. அந்த மாதங்களில் மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தது நினைவிருக்கும். பக்கத்துத் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு காவல்துறை அதிகாரி போராட வந்த பெண்ணைக் கன்னத்தில் அறைந்த வீடியோவும் நினைவிருக்கும்.

எங்கள் ஊரில் மூன்று கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். மூன்றாவது தடவை பற்றாளர், அதாவது கூட்டத்தைக் கவனிக்க வருகிற அரசு அலுவலர், நோட்டைத் திறந்து, "எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றபோது எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆத்தா எழுந்து கேட்டார்: "ஏனுங் தம்பி, அது வந்தப்ப எங்களக் கேட்டுட்டா வந்துச்சு? போறதுக்கு மட்டும் ஏன் எங்ககிட்டக் கையெழுத்துக் கேக்கறீங்க?" பற்றாளர் சிரித்துச் சமாளித்தார். அவரும் பாவம், என்ன செய்வார். கடைசியில் கடையை எடுத்தார்கள். எங்கள் பஞ்சாயத்து எல்லையைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். இப்போது அந்தப் பஞ்சாயத்து தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வந்து நண்பர்கள் சொல்வார்கள். நான் குடிப்பவன். மாதத்துக்கு இரண்டு தடவை, சில மாதம் மூன்று. அதனால் குடி பாவமா, ஒழுக்கக்கேடா, உடல்நலப் பிரச்சினையா என்று பேச எனக்குத் தகுதி குறைவு. என் பிரச்சினை வேறு. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் யார் முடிவெடுக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து எடுக்கிறார்கள் என்பதுதான்.

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போய்விட்டதே என்று, அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. 1971-ல் கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளிவைத்தார். சுற்றிலும் எரிகிற நெருப்புக்கு நடுவே கற்பூரம் எத்தனை நாள்தான் பற்றாமல் இருக்கும் என்பது போல ஒரு காரணம் சொன்னார். வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, தொண்ணூறு தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் போனார் என்பார்கள். அப்புறம் மூடினார்கள், திறந்தார்கள். 1983-ல் எம்ஜிஆர் ஆட்சியில் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்கு வந்தது, 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடையும் அரசின் கைக்கே வந்தது. எந்தக் கட்சிக்காரரும் இதில் அடுத்தவரைப் பார்த்துக் கை நீட்ட முடியாது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அந்த விற்பனை வரிதான். மது போன குறைக்கு வந்த வரி, மது திரும்பி வந்த பிறகு போகவே இல்லை.

"ஜனநாயகம்தானே, தேர்தலில் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். பண்ணிப் பார்த்தோமே. 2016 தேர்தலில் திமுக மதுவிலக்கு என்றது, அதிமுக படிப்படியாக மதுவிலக்கு என்றது, பாமக முதல் கையெழுத்தே அதற்குத்தான் என்றது. யாருக்குப் போட்டாலும் மதுவிலக்குக்குப் போட்ட ஓட்டுதான். ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவு போட்டார். 2017-ல் இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் ஆட்சியில் மறுபடி 500. சரி, குறைந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? 2015-16-ல் மதுவால் அரசுக்கு வந்தது சுமார் 26 ஆயிரம் கோடி. 2023-24-ல் 45,855 கோடி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 125 கோடி. விலை ஏறியதும் இதில் சேர்த்திதான், இருந்தாலும் கடை குறையக் குறைய வரவு கூடுகிற அதிசயம் வேறு எந்தத் தொழிலில் நடக்கும் என்று தெரியவில்லை.

இப்படி ஒரு தொகை வருகிறபோது, கடை எங்கே இருக்கலாம் எங்கே கூடாது என்று முடிவு செய்கிற வேலையும் அதே அரசிடம் இருந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2003 விதி இருக்கிறது. அளந்து பார்ப்பது அரசு, கடை நடத்துவது அரசு, புகார் வந்தால் விசாரிப்பதும் அரசு. மதுவுக்கு எதிராகப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் டவரில் ஏறி உயிரை விட்டது, ஒரே ஒரு கடையை அங்கிருந்து எடுக்கச் சொல்லித்தான். மனிதர் சேலத்துக்காரர், அந்த 1937 சேலம்.

இதற்காக முழு மதுவிலக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பீகாரைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். பெண்கள் கேட்டார்கள், நிதீஷ் குமார் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடித்தவனையே ஜெயிலில் போடுகிற சட்டமாக அது போனது. வழக்குகள் குவிந்து, 2021-ல் அன்றைய தலைமை நீதிபதி ரமணா, யோசிக்காமல் போட்ட சட்டத்துக்கு உதாரணமாக அதைச் சொல்கிற அளவுக்கு ஆனது. 2018-லும் 2022-லும் அவர்களே இறங்கிவந்து திருத்த வேண்டியிருந்தது. என் கையில் இருக்கிற டம்ளருக்குள் எட்டிப் பார்க்கிற வேலை அரசுக்கு வேண்டாம். அந்தக் கடையை என் வீட்டு முக்கில் வைக்கிற உரிமையும் அரசுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் கள்ளச்சாராயம் என்று ஒரு குரல் வரும். வரட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது டாஸ்மாக் திறந்துதானே இருந்தது? அன்றைக்குக் கூலிக்காரனுக்குக் குவார்ட்டர் 140 ரூபாய், பாக்கெட் சாராயம் அதில் பாதிகூட இல்லை. சட்டமன்றத்திலேயே ஒரு மூத்த அமைச்சர் அரசு சரக்கில் கிக் போதவில்லை, அதனால்தான் அங்கே போகிறார்கள் என்கிற தோரணையில் பேசினார். கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் வராது என்கிற வாதம் அந்த ஊர்ச் சுடுகாட்டில் எரிந்துவிட்டது. மூடினால் வராது என்றும் நான் சொல்ல மாட்டேன்.

வேறு வழியே இல்லையா என்றால், மகாராஷ்டிரத்தில் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்தில் உள்ள பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால், அந்தப் பகுதி மதுக்கடைக்கு ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படங்கள். ஒன்றில் பாட்டில் நிற்கும், இன்னொன்றில் படுத்திருக்கும். மராத்தியில் உபி பாட்லி, ஆட்வி பாட்லி. வந்து போட்டவர்களில் பாதி போதாது, மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடையை மூட வேண்டும். வேலை மெனக்கெட்டு, கூலியை விட்டு, வீட்டுக்காரன் முறைப்பை வாங்கிக்கொண்டு அவ்வளவு பெண்கள் வந்து போட வேண்டும். சுலபமே இல்லை, பல இடங்களில் தோற்றும் போகிறார்கள். ஆனாலும் எங்கள் ஊர் ஆத்தா கேட்ட கேள்விக்கு அந்த ஊரில் ஒரு பதில் இருக்கிறது. இங்கே நோட்டில் எழுதி வைக்கிற தீர்மானம்தான்.

போன வாரம் இதைச் சொன்னபோது கூட வேலை பார்க்கிற ஒருவர் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். "இன்னைக்கு மதுக்கடைக்கு ஓட்டெடுப்புன்னா, நாளைக்குக் கறிக்கடைக்கு ஓட்டெடுப்புக் கேப்பான். மாட்டுக்கறி விக்கிறவனை ஊர்ல பெரும்பான்மை வேண்டாம்னு சொன்னா?" நியாயமான பயம். ஊர் என்று நாம் அன்பாகச் சொல்வது யார் என்பது, சேரியில் பிறந்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எனக்குத் தோன்றிய பதில் இது. கறிக்கடைக்காரர் ஒரு குடிமகன். அந்தத் தொழில் அவருடைய பிழைப்பு, அவருடைய உரிமை. ஊரே திரண்டு ஓட்டுப் போட்டாலும் அதைப் பறிக்கக் கூடாது, அவரைக் காப்பாற்றத்தான் அரசியலமைப்பில் அடிப்படை உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மதுக்கடை அப்படியில்லை. மது வியாபாரம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்று 47-வது பிரிவு சொல்கிறது. அதையெல்லாம்விட, இங்கே கடைக்காரரே அரசுதான். என் தெருவில் இருந்தே தீருவேன் என்று என்னிடம் உரிமை கொண்டாட அரசு என்ன சிறுபான்மையா? கூட வேலை பார்க்கிறவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத் தனியாருக்குக் கடையைக் கொடுத்துவிட்டால் உன் வாதம் என்னாகும் என்றார். அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது.

கிளம்புகிறபோது இன்னொன்றும் கேட்டார். "சரி, உங்க ஊர்ல அந்தச் சீட்டு வந்தா நீ எந்த பாட்டிலுக்குப் போடுவ?" படுத்த பாட்டிலுக்குத்தான் என்றேன். "அப்புறம் மாசம் ரெண்டு தடவை என்ன பண்ணுவ?" ஏழு கிலோமீட்டர் டவுனுக்குப் போய் வாங்கிவந்து வீட்டில் குடிப்பேன் என்றேன். அந்த டவுன்காரர்களும் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் என்று கேட்பதற்குள் அவருக்கு பஸ் வந்துவிட்டது.