வவுனியா ரவுணுக்குள் பின்னேரச் சாப்பாட்டுக்கு ஒரு இடம் வேண்டும்

வவுனியாவில் புதுசு புதுசாகச் சாப்பாட்டுக் கடைகள் திறக்கிறார்கள். இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. ஊர் முன்னேறிவிட்டது, இனி எதற்கும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்று ஒரு பகுதியினர். சனத்திடம் காசில்லாத நேரத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு இதெல்லாம் யாருக்கு என்று இன்னொரு பகுதியினர். எனக்கு இரண்டு பேச்சிலும் உடன்பாடு இல்லை. நகையை அடகு வைத்து, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ கெஞ்சி, ஒரு பொடியன் இந்த ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே தொழில் செய்ய நிற்கிறான் என்றால் அவனை வாழ்த்தத்தான் வேண்டும். என் கவலை கடைகள் வருவதைப் பற்றியதே இல்லை, அவை எங்கே வருகின்றன, நடு ரவுணுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

குருமன்காட்டுச் சந்தியில் பின்னேரம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள், வேலை முடிந்து வரும் ஆட்கள், வெளிச்சம், கொத்துச் சத்தம், மோட்டார் சைக்கிள் வரிசை. அப்படியே பஸார் வீதிக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கத்துக்கும் வாருங்கள். எட்டு மணிக்குள் ஷட்டர் விழுந்துவிடும், ஒரு பொம்பிளைப்பிள்ளை தனியாக நடக்க யோசிக்கிற இருட்டு. பகலெல்லாம் இந்த மாவட்டத்துச் சனம் முழுக்க வந்து போகிற இடம் இரவானால் யாருக்கும் சொந்தமில்லாத இடமாகிவிடுகிறது.

வவுனியா எப்போதுமே காத்திருக்கிறவர்களின் ஊராக இருந்தது, அதனால்தான் இங்கே சாப்பாட்டுக் கடைகள் ஓடின. போரினால் ரயில் இந்த ஊரோடு நின்ற வருஷங்கள் எத்தனை! வடக்கே போகிற ஏ9 வீதியில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடி திறக்கும் வரை லொட்ஜில் அறை எடுத்துத் தங்கியவர்கள், பயண அனுமதிப் பாஸுக்கு அலைந்தவர்கள், பாதுகாப்புக் கிளியரன்ஸ் கிடைக்காமல் நாட்கணக்கில் நின்றவர்கள், எல்லோரும் எங்கேயோ சாப்பிடத்தானே வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம் அகதி முகாமில் அடைக்கப்பட்டிருந்த உறவுகளைப் பார்க்க வந்தவர்கள், 2012இல் அந்த முகாம் மூடப்படும் வரை இங்கே அலுவலகம் போட்டு வேலை செய்த தொண்டு நிறுவனங்களின் ஆட்கள், அவர்களும் இந்தக் கடைகளில்தான் சாப்பிட்டார்கள். அந்தக் கடைகள் துன்பத்தின் மேல் ஓடிய கடைகள் என்று சொன்னால் கோபிக்காதீர்கள், அதை நடத்தியவர்களும் அதே துன்பத்துக்குள் இருந்தவர்கள்தான்.

அது முடிந்தது. முடிந்ததே நல்லது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்குப் போனது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கே போனது. ஏ9 வீதி திருத்தியாகிவிட்டது, யாழ்ப்பாணத்துக்கு 140 கிலோமீற்றர் அளவுதான், கொழும்பு பஸ் இங்கே நின்றாலும் சனம் இறங்கிச் சோறு சாப்பிடும் அளவுக்கு நிற்பதில்லை. ஆகவே வழிப்போக்கரை நம்பி இருந்த ரவுண் இனி ஊர்க்காரரை நம்பித்தான் வாழ வேண்டும். இந்த மாற்றத்தை நாங்கள் யாரும் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பஸ் நிலைய விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 தொடக்கத்தில் புதிய பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். 2018 தொடக்கத்தில் பழைய நிலையத்தை மூடி எல்லா பஸ்ஸையும் அங்கே போகச் சொன்னார்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த கடைக்காரர்கள் பஸ் திரும்பி வர வேண்டும் என்று ரோட்டில் இறங்கினார்கள். தனியார் பஸ்ஸா அரச பஸ்ஸா என்ற சண்டையாகவே அது பத்திரிகைகளில் வந்தது. ஆனால் கீழே நடந்தது என்ன? பஸ்ஸுக்கு நின்ற சனத்தை நம்பி பிளேன்ரீ, வடை, ரோல்ஸ், கச்சான் விற்றவனின் வியாபாரம் ஒரே நாளில் போய்விட்டது. பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்தவர்கள், சனம் எங்கே சாப்பிடும் என்பதையும் சேர்த்தே முடிவெடுத்துவிட்டோம் என்று உணரவில்லை. நெரிசலைக் குறைக்கப் புதிய நிலையம் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. பழைய இடத்துக்கு அதன் பிறகு என்ன வேலை என்று ஒரு வரி கூட எழுதாமல் விட்டதைத்தான் குறையாகச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்?

பழைய பஸ் நிலையத்து வெளியைப் பின்னேரம் ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை சாப்பாட்டுச் சந்தையாக விடுங்கள். பெரிய கட்டடம் வேண்டாம், அடிக்கல்லும் வேண்டாம். தண்ணீர்க் குழாய், நல்ல லைற், கழுவுகிற தண்ணீர் போக ஒழுங்கான வாய்க்கால், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை, உட்கார வாங்கு. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். வாடகை ஒரு நாளுக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். இப்போது ரவுணுக்குள் ஒரு சின்னக் கடை எடுப்பதென்றால் முற்பணமாகக் கேட்கிற காசைக் கொடுத்தால் பிறகு சட்டி பானை வாங்கக் கையில் எதுவும் மிஞ்சாது. அந்த முற்பணம்தான் வீட்டில் நன்றாகச் சமைக்கிற ஒரு பெண்ணை வெளியே வரவிடாமல் தடுக்கிறது.

பெண்கள் செய்வார்களா என்று கேட்கிறவர்கள் அம்மாச்சி உணவகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். மாகாண விவசாயத் திணைக்களம் இடத்தை ஒழுங்கு செய்து கொடுத்தது, பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்கிறார்கள், சனம் வரிசையில் நின்று வாங்குகிறது. கண் முன்னால் அடுப்பில் வேகிற சாப்பாடு, நியாய விலை. இடமும் துப்புரவும் அரசு பார்த்துக்கொண்டால் மிச்சத்தை எங்கள் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம், இந்த ஊரில் இருக்கிற சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். குளத்து மீன் குழம்பு, விரால் என்றால் கேட்கவே வேண்டாம். குரக்கன் புட்டு, ஒடியல் கூழ், எருமைத் தயிரும் வன்னித் தேனும், பருவத்தில் பாலைப்பழம். முஸ்லிம் ஆட்களின் கொத்தும் புரியாணியும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இந்த மண்ணைக் காடு வெட்டித் திருத்திய குடும்பங்களின் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். சிங்களச் சனத்தின் பொலஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி. இத்தனை கையும் ஒரே ரவுணுக்குள் இருக்கிற ஊர் வடக்கில் வேறு எது? ஆனால் புதுக் கடைகளின் மெனுவைத் திறந்தால் பிறைட் றைஸ், சோர்மா, பேர்கர், திரும்பவும் பிறைட் றைஸ். பிள்ளைகள் கேட்கிறார்கள், விற்கிறார்கள், அது பிழையில்லை. எனக்கு வலிப்பது கணக்கு. பாஸ்மதி அரிசி வெளிநாட்டிலிருந்து, சோஸ் வெளியிலிருந்து, உறைந்த கோழி வேறு மாகாணத்திலிருந்து. சாப்பிடுகிறவன் வவுனியாக்காரன், கொடுக்கிற காசில் பெரும்பகுதி அன்றைக்கே ஊரை விட்டுப் போகிறது. அதே நேரம் கத்தரிக்காயும் தக்காளியும் விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று தோட்டத்திலேயே விடுகிறார்கள். தோட்டக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் நடுவில் ஒரு வழி போடாமல் எத்தனை உணவகம் வந்தாலும் வன்னிக்கு அதில் கிடைப்பது மேசை துடைக்கிற வேலை மட்டும்தான்.

அந்த வழியைப் போடுகிறோம் என்றுதான் பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்த மரக்கறிச் சந்தை வந்தது. ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016இல் எங்கள் அரசியல்வாதிகள் இழுத்த இழுவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடைசியில் இரண்டும் இல்லாமல் வேறொரு இடத்தில் கட்டினார்கள், கட்டி முடித்து வருஷக்கணக்காகத் திறக்காமல் பூட்டி வைத்தார்கள். அதனால்தான் கட்டடம் வேண்டாம் என்று மேலே எழுதினேன். முதலில் சனம் வந்து பழகட்டும்.

குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொழுதுபோக்க ஒரு இடம் வேண்டும் என்ற உண்மையான தேவையைக் காட்டித்தான் வவுனியாக் குளத்துக்குள் மண் நிரப்பிச் சுற்றுலா மையம் அமைத்தார்கள், அதை எதிர்த்து ஊர்ச்சனம் போராடியது. நான் போராடியவர்களின் பக்கம். குளத்தில் ஒரு முழம் குறைந்தாலும் மழைக்கு அந்தத் தண்ணீர் யாருடைய வீட்டுக்குள் போகும் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. குந்தியிருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க இடம் தேடிக் குளத்துக்குள் இறங்குகிறோம், நடு ரவுணில் ஏற்கெனவே இருக்கிற கொங்கிறீற் வெளியை இருட்டில் விட்டுவிட்டு.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் இல்லாமல் அடுப்பு அணைந்து, விறகுக்குத் திரும்பி, அப்போதும் மூடாமல் நின்ற சின்னக் கடைகளை நான் மதிக்கிறேன். ஆனால் நடைபாதை முழுக்க உங்கள் வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, வயது போனவர்கள் ரோட்டில் இறங்கி வாகனத்துக்கு நடுவால் நடக்கிறார்கள். பொரித்த எண்ணெயையும் சட்டி கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் விட்டால் அது எங்கே போய்ச் சேரும்? பின்பக்கம் வேலை செய்கிற பொடியனுக்கு ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) கட்டுகிறீர்களா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) வந்தால் மட்டும் கையுறை போடுகிற பழக்கம் போக வேண்டும். இதையெல்லாம் சொன்னால் தொழிலுக்கு எதிரி என்கிறார்கள், நான் உங்கள் கடையில் சாப்பிடுகிறவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

இன்னொன்று, பஸ். செட்டிக்குளம், நெடுங்கேணிப் பக்கத்துச் சனத்துக்கு இருட்டினால் வீட்டுக்குப் போகப் பஸ் இல்லை. சொந்த வாகனம் இருக்கிறவனுக்கு மட்டுமான ரவுணாக இது ஆகக்கூடாது. வாரத்தில் வெள்ளி, சனி இரண்டு நாளாவது ஒன்பது மணிக்குக் கடைசி பஸ் விட்டால் ஒரு குடும்பம் படம் பார்க்கிற மாதிரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். பம்பைமடுவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2021இலிருந்து அது தனிப் பல்கலைக்கழகம், அங்கே படிக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் போலத்தான் பேச்சில் தெரிகிறது, அவர்களுக்கும் பின்னேரம் போக ஒரு இடம் வேண்டும்தானே.

நகரசபை மாநகரசபை ஆகிவிட்டது, 2025 மே மாதம் முதல் தேர்தலும் நடந்து உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பழைய பஸ் நிலையத்துக்கு லைற்றுக்கும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள், மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். உங்கள் வட்டாரத்து உறுப்பினரை உங்களுக்குத் தெரியும் என்றால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்கள். வீட்டில் அம்மாவோ மனைவியோ அங்கே ஒரு அடுப்புப் போட விருப்பம் என்றால் என்ன சமைப்பார்கள் என்று கீழே எழுதுங்கள், பெயர்களைச் சேர்த்துக்கொண்டு நேரில் போய்க் கேட்போம்.