இருமினால் மாரடைப்பு நிற்காது
அண்ணா, "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் விடாமல் பலமாக இருமுங்கள், இதயம் திரும்ப ஓடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இதை நம்பி யாரும் நேரத்தை இழந்துவிடக் கூடாது.

மாரடைப்பு வந்தால் பெரும்பாலும் இதயம் நின்றுவிடுவதில்லை, துடித்துக்கொண்டுதான் இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும் இதயம், தன் தசைக்கு வேண்டியதைத் தன் அறைகளிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. இதயத்திலிருந்து வெளியே வரும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் அடியில் கிளம்பும் இரண்டு கரோனரி தமனிகள்தான் அதற்கு ரத்தம் கொடுக்கின்றன. அவற்றில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. எவ்வளவு இருமினாலும் அந்த அடைப்பு அசையாது.

இதயம் நின்றுபோவது வேறு. அதில் சில நொடிகளிலேயே நினைவு போய்விடும், அப்புறம் எப்படி இருமுவது?

சரி, இந்தச் செய்திக்கு வேர் எது? மருத்துவமனையில் இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது துடிப்பு திடீரென்று தடுமாறினால், மருத்துவர் மானிட்டரைப் பார்த்தபடியே நோயாளியை இருமச் சொல்வதுண்டு. மார்புக்குள் அழுத்தம் ஏறி, மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகும். சிகிச்சை தொடங்கும்வரை சமாளிக்கத்தான் அது. பொதுமக்களுக்கு இதை அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைப்பதில்லை.

நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள்.